சிமென்ட் டைனோசர்

ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளைகளை எங்காவது வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நம் நகரத்து வீடுகளில் ஒரு சட்டம் இருக்கிறது. யார் போட்ட சட்டம் என்று தெரியவில்லை. சனிக்கிழமை ராத்திரியே பேச்சு ஆரம்பித்துவிடும். ‘எங்கே போகலாம்?’ ‘நீயே சொல்லு.’ ‘பீச்?’ ‘போன வாரம்தானே போனோம்.’ ‘வண்டலூர்?’ ‘இந்த வெயில்ல எந்த மிருகம் வெளியே வரப்போகுது?’ ‘அப்ப மால்?’ அதற்கு மேல் விவாதம் கிடையாது. மாலில் ஏசி உண்டு, பாத்ரூம் உண்டு, வண்டி நிறுத்த இடம் உண்டு. பிள்ளைகள் ஏதோ ஒரு பொம்மைக் காரில் ஏறிச் சுற்றுவார்கள். நாம் பாப்கார்னுக்குக் கொடுத்த காசை நினைத்து வருத்தப்பட்டபடியே அதைக் கொறிப்போம். ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, ‘அப்பாடா, இந்த வாரக் கடமை முடிஞ்சது’ என்று சோபாவில் சாய்வோம்.

மாலைத் திட்டுவது இப்போது ஒரு ஃபேஷன். நான் அதைச் செய்யப்போவதில்லை. நிழல், கழிப்பறை, உட்கார ஓர் இடம் என்ற மூன்றையும் பொது இடத்தில் ஒழுங்காகத் தராத ஊரில், காசு வாங்கிக்கொண்டாவது தருகிற இடத்துக்கு ஜனங்கள் போகத்தான் செய்வார்கள்.

என் புகார் வேறு. மாலை விட்டு வெளியே வந்த பிறகும் நாம் மாலை மனசுக்குள் தூக்கிக்கொண்டே திரிகிறோம். கோயிலுக்குப் போனாலும் சரி, அருவிக்குப் போனாலும் சரி, அதே கதைதான். ஒரே நாளில் ஏழு இடம். ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிஷம். வாசலில் ஒரு போட்டோ, உள்ளே ஒரு போட்டோ, ஆளுக்கொரு ஐஸ்க்ரீம். ‘சீக்கிரம் ஏறு, அடுத்த ஸ்பாட்டுக்கு லேட்டாகுது!’ குழந்தை எங்காவது நின்று எதையாவது உற்றுப் பார்த்தால் நமக்குப் பொறுக்காது. கையைப் பிடித்து இழுப்போம். நம்முடைய சுற்றுலாத் திட்டங்களில் குழந்தையின் அந்தஸ்து கிட்டத்தட்ட சூட்கேஸுக்குச் சமம். தொலையாமல் கொண்டுபோய், தொலையாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான்.

இதைப் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் உபதேசம் ஆகிவிடும். ஓர் ஊரை வைத்துப் பேசுவோம். ஓர் ஊர் என்ன, இரண்டு ஊர். பெரம்பலூர், அரியலூர்.

‘அங்கே என்ன சார் இருக்கு?’ என்றுதானே கேட்கிறீர்கள்? சென்னையிலிருந்து திருச்சி போகிறவர்களுக்குப் பெரம்பலூர் என்பது டீ குடிக்க நிறுத்துகிற இடம். அரியலூர் என்பது ரயில் ஜன்னலில் வந்து போகும் ஒரு மஞ்சள் பலகை. கொஞ்சம் வயதானவர்களுக்கு 1956 நவம்பர் 23-ம் தேதி நினைவுக்கு வரும். அன்றுதான் மருதையாற்றுப் பாலத்தில் அந்தப் பயங்கர ரயில் விபத்து நடந்தது. அதற்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. (இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். விபத்தைவிட ராஜினாமாவைத்தான் நம்ப மாட்டார்கள்.)

நிர்வாகத்திலும் இந்த இரண்டும் பிரியாத, ஆனால் அடிக்கடி பிரிக்கப்பட்ட சகோதரர்கள். திருச்சியிலிருந்து 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001-ல் அரியலூர் பிரிந்தது. 2002-ல் மறுபடி சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். மனிதர்கள் போட்ட கோடு இப்படி அலைந்துகொண்டிருக்க, அடியில் இருக்கும் பூமி மட்டும் கோடிக்கணக்கான வருஷமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது: ‘இங்கே கடல் இருந்தது.’

* * *

நம் ஊர்ப் பூங்காக்களிலும் ரிசார்ட்டுகளிலும் ஒரு சிமென்ட் டைனோசர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பெல்லாம் பச்சை பெயின்ட், வாய்க்குள் சிவப்பு பெயின்ட், ஒரு கால் விரல் உடைந்து கம்பி தெரியும். குழந்தையை அதன் வாலில் உட்கார வைத்து ‘ஸ்மைல்’ என்போம்.

அந்தச் சிலையில் உண்மையிலேயே டைனோசர் காலத்து விஷயம் ஒன்று இருந்தால், அது சிமென்டாக இருக்கலாம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சிமென்டுக்கு மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். அரியலூர் வட்டாரச் சுண்ணாம்புக்கல் என்பது டைனோசர்கள் உலாவிய காலத்தில் இங்கே இருந்த கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியது. கல்லங்குறிச்சி பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தக் கல்லை வெட்டித்தான் அரசு சிமென்ட் ஆலை 1979-லிருந்து இங்கே ஓடுகிறது. சுற்றிலும் தனியார் ஆலைகள். உங்கள் அபார்ட்மென்ட் சுவரில்கூட அந்தக் கடலின் ஒரு துளி இருக்கக்கூடும்.

இன்றைக்கு அரியலூரிலிருந்து கடற்கரைக்குப் போக வேண்டுமானால் கிழக்கே எண்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இந்தப் பாறைகளைப் பற்றி 1840-களிலேயே ஐரோப்பாவில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 1860-களில் பிளான்ஃபோர்டு என்ற நிலவியல் அறிஞர் இவற்றை வரிசைப்படுத்தி, ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே வைத்தார். அந்தப் பெயர்கள் நிலவியல் பாடங்களில் இன்றும் இருக்கின்றன. உலகத்துக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த ஊர், நம் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் மட்டும் இல்லை.

* * *

பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940-ல் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தது. இவர்தான் பிற்பாடு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்தியத் தலைவரானவர். மரத்தின் நீளம் 18 மீட்டருக்கு மேல். நம் டவுன் பஸ் ஒன்றரை பஸ் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது சுமார் 12 கோடி வருஷம். ஊசியிலை வகை மரம். ஆற்றோடு அடித்துக்கொண்டு வந்து கடலில் விழுந்து, சேற்றில் புதைந்து, மரத்தின் ஒவ்வோர் இழையிலும் நீரில் கரைந்திருந்த சிலிக்கா... மன்னிக்கவும், பாடப்புத்தகமாக வேண்டாம். மரம் போய், மரத்தின் அச்சில் கல் வந்து உட்கார்ந்துவிட்டது.

இங்கே குடும்பங்கள் என்ன செய்யும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். கேட் வழியாக நுழைவோம். ‘எங்கே மரம்?’ ‘இதா? கட்டை மாதிரி இருக்கு.’ பக்கத்தில் நின்று ஒரு போட்டோ. ‘அவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?’ ஏழு நிமிஷத்தில் கார் திரும்பிவிடும்.

மரத்தின் மேல் தப்பில்லை. 12 கோடி என்ற எண் நமக்குப் புரியவில்லை. நமக்கே புரியாததைக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? இதற்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. சென்னையிலிருந்து கார் கிளம்பும்போதே ஆரம்பிக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று கணக்கு. பள்ளிக்கூட ஸ்கேலில் இருக்கும் மிகச் சின்னக் கோடு. உன் வயசு எட்டு மில்லிமீட்டர், விரல் நகம் அளவு. பாட்டியின் வயசு ஏழு சென்டிமீட்டர், ஒரு விரல் நீளம். ராஜேந்திர சோழன் இருந்தது ஒரு மீட்டர் தள்ளி, கார் சீட்டுக்கு அந்தப் பக்கம். சரி, அந்த மரம் உயிரோடு இருந்தது எங்கே? குழந்தைகள் ‘கிண்டி’ என்பார்கள். ‘தாம்பரம்’ என்பார்கள். செங்கல்பட்டு தாண்டும்போது சிரிப்பு நின்றுவிடும். மேல்மருவத்தூர் போய்விடும். ஏறக்குறைய 120 கிலோமீட்டர் ஓட்டி, திண்டிவனம் வரும்போது சொல்லுங்கள்: ‘இங்கேதான்.’

இந்த விளையாட்டுக்குச் செலவு பூஜ்யம். ஆனால் இதற்குப் பிறகு சாத்தனூரில் அந்தக் ‘கட்டை’யைப் பார்க்கிற கண் வேறாக இருக்கும். திட்டமிடுவது என்று நான் சொல்வது இதைத்தான். ஓட்டல் புக் பண்ணுவது, பெட்ரோல் போடுவது எல்லாம் ஏற்பாடு. எதைப் பார்க்கப் போகிறோம் என்று போகிற வழியிலேயே ஒரு பசியைக் கிளப்பிவிடுவதுதான் திட்டம். நாம் ஏற்பாட்டில் கில்லாடிகள். திட்டத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

* * *

பெரம்பலூரிலிருந்து அரியலூர் பக்கம் போகிற வழியில் காரை என்ற கிராமம் இருக்கிறது. செம்மண்ணும் வெளிர் களிமண்ணும் மழையில் அரித்து, குட்டி குட்டிக் குன்றுகளும் ஓடைகளுமாக, வேறு ஏதோ கிரகத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். நிலவியல் மாணவர்களை எங்கெங்கிருந்தோ இங்கே அழைத்து வருகிறார்கள். இப்போது ரீல்ஸ் எடுக்கிறவர்களும் வருகிறார்கள்.

இங்கே கிடைப்பதில் பிரபலமானது அம்மோனைட். சுருள் சுருளாக நத்தை மாதிரி இருக்கும். ஆனால் உறவு முறையில் ஆக்டோபஸுக்கும் கணவாய்க்கும் பங்காளி. டைனோசர்கள் அழிந்த காலத்தையொட்டி இதுவும் அழிந்துபோனது. குழந்தைகள் இதை முன்பே பார்த்திருப்பார்கள், பாட்டியின் பூஜை அறையில். நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமம் அம்மோனைட்தான். பாட்டி அதற்குத் தினம் அபிஷேகம் செய்கிறாள், பேரன் அதை மியூசியத்தில் பார்க்கிறான். இரண்டு பேரையும் ஒரே காரில் உட்கார வைத்துப் பேச விட்டாலே அந்தப் பயணம் லாபம்.

இங்கேதான் உண்மையான சிக்கல் வருகிறது. குழந்தை குனிந்து ஒரு சுருளை எடுக்கும். ‘அப்பா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?’ நம்மில் பத்தில் ஒன்பது பேர் ‘எடுத்துக்கோடா, ஒண்ணுதானே’ என்போம். ஒரு காருக்கு ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை கார்? அந்தக் கல் எந்த அடுக்கில் கிடந்தது, பக்கத்தில் என்ன கிடந்தது என்பதில்தான் அதன் மொத்தக் கதையும் இருக்கிறது. ஷோகேஸில் வந்து உட்கார்ந்ததும் அது ஒரு பேப்பர்வெயிட்.

எடுக்காமல் விட்டாலும் எல்லாம் பத்திரமாக இருந்துவிடும் என்றில்லை. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து, 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள்: ப்ருஹத்காயோசாரஸ். பிருஹத் காயம், அதாவது பேருடம்பு. அது நிஜமாகவே அவ்வளவு பெரியது என்றால், நிலத்தில் நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்று உலகம் முழுக்க இன்றும் விவாதிக்கிறார்கள். எலும்பைக் காட்டு என்றால் காட்ட முடியாது. நொறுங்கி அழிந்துவிட்டது. இருப்பது படங்களும் விவரக் குறிப்புகளும்தான். உலகத்தின் மிகப் பெரிய விலங்கை நாம் இப்படித் தொலைத்திருக்கலாம். ஆனால் சிமென்ட் டைனோசருக்கு மட்டும் வருஷா வருஷம் பெயின்ட் அடித்துவிடுகிறோம்.

இன்னொரு சம்பவம். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் தென்பட்டன. ‘டைனோசர் முட்டை!’ என்று செல்போனிலெல்லாம் பறந்தது. கூட்டம் கூடியது. விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, ‘முட்டை இல்லை, அம்மோனைட் சம்பந்தப்பட்ட கடல் படிவ உருண்டை’ என்றார்கள். அத்தோடு கூட்டம் கலைந்தது. எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், முட்டை என்றால் அதிசயம், கடல் என்றால் அதிசயம் இல்லையா? பெரம்பலூரில் கடல் இருந்தது என்பதைவிடவா ஒரு முட்டை பெரிய செய்தி? குழந்தைகளிடம் இரண்டையும் சொல்லிவிட்டு, ‘இது முட்டை இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிச்சிருப்பாங்க?’ என்று மட்டும் கேளுங்கள். அரை மணி நேரம் உங்களைத் தொந்தரவு செய்யாமல் யோசிப்பார்கள்.

கையில் எடுத்துப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்காகவே, அரியலூர் அருகே வாரணவாசியில் அரசு ஒரு புதைபடிவ அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. காரைக்குப் போவதற்கு முன்னால் அங்கே போவது உத்தமம். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் மண்ணைப் பார்த்தால் மண்தான் தெரியும்.

* * *

அடுத்து, கங்கைகொண்ட சோழபுரம். 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் தஞ்சைப் பெரிய கோயிலோடு சேர்க்கப்பட்டது. ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்த பிறகு கூட்டம் சேர்ந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் படம் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, ‘அரண்மனை எங்கே?’ மாளிகைமேட்டுக்கு அழைத்துப் போனால், செங்கல் அடித்தளமும் அகழாய்வுக் குழிகளும்தான். முகம் தொங்கிப்போகும்.

அந்தத் தொங்கிய முகத்தை ஐஸ்க்ரீம் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். நல்ல கேள்வி ஒன்று அங்கே பிறந்திருக்கிறது. சுமார் இருநூற்றைம்பது வருஷம் சோழர்களுக்குத் தலைநகராக இருந்த ஊர், எப்படி வெறும் வயலும் மேடுமாக ஆனது? போரும் காலமும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சாதாரண மனிதர்களின் தேவை. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் மதில் கற்களையும் பெயர்த்து எடுத்துப் போனார்கள். அணையால் வயல்களுக்குத் தண்ணீர் வந்தது, கோயிலுக்கு மதில் போனது. எது சரி? பத்து வயசுப் பிள்ளையால் தாராளமாக இதை வாதாட முடியும். நம்மால்தான் முடியாது, நாம் செல்ஃபிக்கு வெளிச்சம் பார்த்துக்கொண்டிருப்போம்.

சின்னப் பிள்ளைகளுக்கு வேறு வேலை கொடுங்கள். கோயில் வளாகத்தில் ஒரு சிம்மக் கிணறு இருக்கிறது. பெரிய சிங்க உருவத்துக்குள் புகுந்து படி இறங்குவது போன்ற அமைப்பு. ‘கோயில் முழுக்க எத்தனை சிங்கம்னு எண்ணிட்டு வா’ என்றால் போதும், நாம் ஒரு மணி நேரம் நிம்மதியாகச் சிற்பம் பார்க்கலாம். வடக்குப் பக்கப் படிக்கட்டருகே சண்டேசருக்குச் சிவன் தலையில் மாலை சுற்றிவிடும் சிற்பம் இருக்கிறது. சிவன் தன் பிள்ளைக்குத் தலை வாரிவிடுவது மாதிரி அவ்வளவு பரிவு அந்தக் கையில். அதன் முன்னால் பதினைந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். அப்புறம் விமானத்தைக் காட்டி, ‘அப்பா ராஜராஜன் தஞ்சாவூர்ல கட்டினதைவிட, பையன் கட்டினது உயரம் கம்மி. ஏன்?’ என்று கேளுங்கள். எனக்குப் பதில் தெரியாது. சரித்திர ஆசிரியர்களும் ஆளுக்கொன்று சொல்வார்கள். பதில் தெரியாத கேள்வியைக் கேட்கிற அப்பாவைப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

நான்காவதாக, கரைவெட்டி. அரியலூர் மாவட்டத்தில் சுமார் 454 ஹெக்டேர் பரப்பில் ஒரு ஏரி. பறவைகள் சரணாலயம். 2024 ஜனவரியில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மேட்டூர்த் தண்ணீர் காவிரி வழியாகப் புள்ளம்பாடி வாய்க்காலில் இங்கே வந்து நிரம்புகிறது. நவம்பருக்கு மேல் மார்ச் வரை சீசன். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலைக்கு மேலாகவே பறந்து வரும் வரித்தலை வாத்துகள் இங்கே இறங்கும். தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புப் பட்டை, அடையாளம் சுலபம். பாஸ்போர்ட், விசா, ஓட்டல் புக்கிங் எதுவுமில்லாமல் குட்டிகளோடு வந்து போகிற இந்தக் குடும்பச் சுற்றுலாவைப் பார்த்து நாம் கொஞ்சம் வெட்கப்படலாம்.

கரைவெட்டியில் காலை ஆறரைக்கு இருக்க வேண்டும். பேசக் கூடாது. பாட்டுப் போடக் கூடாது. ‘அதோ பார்!’ என்று கத்தக் கூடாது. நகரத்துப் பிள்ளைகளுக்கு இது முடியாது என்பீர்கள். முடியாதது நமக்குத்தான்.

* * *

இப்போது ஏற்பாட்டுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு நம் மேலும் அரசு மேலும் சம அளவு கோபம்.

முதலில் வெயில். பெரம்பலூர், அரியலூர் வெயில் விளையாட்டில்லை. சாத்தனூரும் காரையும் பொட்டல் வெளி. நாம் எப்போது பிள்ளைகளைக் கிளப்புகிறோம்? மே மாதம். ஏனென்றால் அப்போதுதான் பள்ளிக்கூடம் லீவு. பறவைகளும் இருக்காது, தரையில் கால் வைக்க முடியாது, பச்சைமலை அடிவாரத்து மயிலூற்று அருவியில் பாறைதான் இருக்கும். இந்தப் பகுதிக்குச் சரியான காலம் அரையாண்டு லீவிலிருந்து பொங்கல் முடிய. ஆனால் அந்த லீவில் பாதிப் பிள்ளைகளுக்கு டியூஷன்.

அடுத்து, கிழமை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்கள், வெள்ளியில்தான் விசேஷமாகத் திறந்திருக்கும். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு விடுவது வழக்கம். கோயில்களில் மத்தியானம் நடை சாத்துவார்கள். இது எதையும் விசாரிக்காமல் போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, வாட்ச்மேனிடம் சண்டை போடும் அப்பாக்களைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்கலாம்.

மூன்றாவது, பேராசை. காரை, சாத்தனூர், ரஞ்சன்குடிக் கோட்டை, விசுவக்குடி அணை, கங்கைகொண்ட சோழபுரம், கரைவெட்டி, வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி என்று ஒரே நாளில் சுற்றுவது வீரம் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு இடம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடுவில் மர நிழலில் கட்டுச்சோறு, ஒரு தூக்கம். ஏலாக்குறிச்சியை விட்டுவிட்டால் குடி முழுகாது. வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையை அந்த மர நிழலில் சொன்னால் போதும். ஒரே நாளில் ஏழு இடம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் அந்தக் குருவின் சீடர்களாகத் தகுதியானவர்கள்.

நான்காவது, சாலை. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்கு உண்டு. சிமென்ட் ஊர் ஆனதால் லாரிகள் அதிகம். காரை ஓரங்கட்டிவிட்டுப் பிள்ளைகளை ரோட்டோரம் விளையாட விடாதீர்கள். கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் பச்சையாகத் தேங்கி நிற்கும் தண்ணீர் அழகாகத்தான் இருக்கும். அதற்குப் பக்கத்தில் போட்டோ வேண்டாம்.

ஐந்தாவதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நம் வீட்டுப் பெண்கள் வெளியூர்ப் பயணத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. கவனித்திருக்கிறீர்களா? பாட்டில் பாட்டிலாக வாங்கி நமக்குக் கொடுப்பார்கள். அவர்கள் உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. வழியில் பாத்ரூம் எப்படி இருக்குமோ என்ற பயம். பத்து வயசுப் பெண் குழந்தைக்கும் அம்மா சொல்லாமலேயே இது பழகிவிடுகிறது. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து புளியோதரை கிளறி, எல்லோருக்கும் துணி எடுத்து வைத்து, நாற்பது டிகிரி வெயிலில் நாக்கு வறள நடக்கிற அந்த அம்மாவுக்கு இதன் பெயர் உல்லாசப் பயணமாம். அவளைப் பொறுத்தவரை சமையலறை காரில் ஏறி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அரசுக்கு என் கோரிக்கை இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. சுற்றுலாவை வளர்க்கிறோம் என்று அலங்கார வளைவும் செயற்கை நீரூற்றும் கட்டுவதற்கு முன்னால், தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் உள்ள, தினமும் கழுவுகிற கழிப்பறை ஒன்று ஒவ்வோர் இடத்திலும் வேண்டும். இரண்டாவது, நிழல். வேப்பமரமும் புங்கமரமும் போதும். மூன்றாவது, பலகை. நம் தொல்லியல் இடங்களில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுகிற பலகை என்ன சொல்கிறது? சேதப்படுத்தினால் ஜெயில், அபராதம். ஆயிரம் வருஷத்துக் கோயில் ஒரு குழந்தையிடம் பேசுகிற முதல் வார்த்தையே மிரட்டல். அதுவும் இருக்கட்டும். பக்கத்திலேயே எட்டு வயசுப் பிள்ளையின் கண் உயரத்தில், எளிய தமிழில், நான்கே வரியில் ‘இங்கே என்ன நடந்தது தெரியுமா?’ என்று இன்னொரு பலகை இருந்தால் என்ன?

நான்காவது, ஆள். உள்ளூர்ப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வார இறுதியில் வழிகாட்டியாக நிறுத்தலாம். தன் ஊரில் கடல் இருந்தது என்று ஒரு பெரம்பலூர்ப் பெண் சென்னைப் பையனுக்குச் சொல்லும்போது, இரண்டு பேருக்குமே ஏதோ கிடைக்கிறது. அவளுக்கு நான்கு காசும் கிடைக்கும். காரையிலிருந்து கல் வெளியே போவதைத் தடுக்கப் போலீஸைவிட அவள் நன்றாகக் காவல் காப்பாள். 2022-ல் மத்திய சுரங்க அமைச்சகம் இந்த மாதிரி நிலவியல் பாரம்பரிய இடங்களைக் காப்பாற்ற ஒரு வரைவு மசோதா போட்டு மக்கள் கருத்துக் கேட்டது. சட்டம் அவசியம்தான். ஆனால் ஊர்க்காரர்களுக்கு அந்த இடத்தால் ஒரு பெருமையும் ஒரு வருமானமும் இல்லாவிட்டால், எந்தச் சட்டமும் கம்பிவேலி மாதிரிதான். ஒரே வருஷத்தில் ஓட்டை விழும்.

அரசு செய்கிறபடி செய்யட்டும். நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். வருகிற மார்கழியில் ஒரு சனி, ஞாயிறு குறித்துக்கொள்ளுங்கள். எங்கே போவது என்பதை ஒரு தடவையாவது பிள்ளைகள் முடிவு செய்யட்டும். புளியோதரையை அப்பா கிளறட்டும், கொஞ்சம் உப்பு கூடினாலும் பரவாயில்லை. எங்கெங்கே நல்ல பாத்ரூம் இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்பே போன் போட்டு விசாரித்து ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைவிட அதுதான் முக்கியமான பட்டியல்.

அப்புறம், காரில் ஏறியதும் முதல் வேலையாக, பின் சீட்டில் இருக்கும் அம்மாவிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துக் குடிக்கச் சொல்லுங்கள்.